க்ளாக்கோமா: சொட்டு மருந்தும் அதைப் போடும் முறையும்

க்ளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் பெரும்பாலானோர் மருத்துவரிடம் ஒரே கேள்வியைக் கொண்டுபோகிறார்கள்: "விடாம போட்டுட்டுதான் இருக்கேன் டாக்டர், பார்வை கொஞ்சங்கூடத் தெளியலையே?" கேட்பது நியாயம்தான். மாத்திரை போட்டால் தலைவலி நிற்கிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் சுவரில் மாட்டிய காலண்டரின் தேதி தெரிகிறது. இந்தச் சொட்டு மட்டும் மாதாமாதம் காசைத் தின்கிறது, சில சமயம் கண்ணை எரிக்கவும் செய்கிறது, பலன் என்று காட்ட எதுவும் இல்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து பார்வையைத் தெளிவாக்காது. போன பார்வையைத் திருப்பிக் கொடுக்கும் மருந்தோ ஆபரேஷனோ இன்றுவரை கிடையாது. மிச்சமிருக்கும் பார்வை கரைந்துபோகும் வேகத்தைக் குறைப்பதுதான் இதன் வேலை. அந்த வேலை நடக்கிறதா இல்லையா என்பதை உங்கள் கண்ணாலேயே நீங்கள் உணர முடியாது. கருவிகள்தான் சொல்ல முடியும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் இதிலிருந்து பிறந்தவைதான். பலன் உணரத் தெரியாத மருந்தை மனம் சீக்கிரம் கைவிடும். ஆகவே அதை மனநிலைக்கு விடாமல் பழக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கண்ணின் முன்பகுதிக்குள் தெளிந்த நீர் ஒன்று இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. இமைக்கு வெளியே வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. முன்பக்கத் தெளிந்த கார்னியாவும் கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸும் சந்திக்கிற கோணத்தில் மெல்லிய சல்லடை போன்ற திசு இருக்கிறது. நீர் பெரும்பாலும் அதன் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. குழாயைத் திறந்துவிட்ட தொட்டியில் வடிகால் தூர்ந்துபோனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். நீர் தேங்கி உள்ளழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலோருக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். தாங்கும் அளவை மீறினால் கண்ணின் பின்புறம் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு அடிபடுகிறது. ஏறக்குறைய பத்து லட்சம் இழைகள் கொண்ட நரம்பு அது; செத்த இழை மறுபடி முளைப்பதில்லை.

இதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் நேரடி உறவு இல்லை. "பிரஷர் மாத்திரைதான் தினம் சாப்பிடறேனே, கண்ணுக்கும் அது போதாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. கண்ணின் அழுத்தம் தனி, அதற்கான மருந்தும் தனி.

பார்வை முதலில் ஓரங்களில்தான் குறைகிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோய் முற்றியவர் கூட எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடலாம். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மறு கண் மூடிவிடும். இரண்டிலும் விழுந்தால் மூளையே அதை நிரப்பி மறைத்துவிடும். கறுப்பாக எதுவும் தெரியாது. மாடிப்படியின் கடைசிப் படி தவறுவது, நிலைப்படியில் தோள் இடிபடுவது, பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடுவது, டூவீலர் எங்கிருந்தோ திடீரென்று முளைத்ததுபோல் தோன்றுவது என்று அன்றாடத்தில் சின்னச் சின்னதாக வெளிப்படும். வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், க்ளாக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அது தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவில் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

அழுத்தத்தைக் குறைப்பதால் உண்மையில் என்ன பயன்

இதை நம்பிக்கையின்பேரில் ஏற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில், மால்மோ நகரை மையமாக வைத்து, புதிதாக நோய் தெரிந்த 255 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சொட்டு மருந்தும் லேசரும் கொடுத்தார்கள். மறு பாதிப் பேருக்குச் சிகிச்சை தராமல், மோசமாகிறதா என்று நெருக்கமாகக் கண்காணித்தார்கள். 2002இல் வெளியான முடிவு: சிகிச்சை பெறாதவர்களில் 62 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறியது, பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு. சராசரியாக 25 சதவீத அழுத்தக் குறைப்புக்கே இந்த வித்தியாசம். அழுத்தம் 1 மி.மீ. இறங்கினால் முன்னேறும் அபாயம் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்குகிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தது. செக்கப்பில் 18 என்று வந்த எண் அடுத்த முறை 16 ஆனால் "ரெண்டுதானே" என்று அலட்சியமாக எண்ண வேண்டாம்.

பிரிட்டனில் 516 பேருக்கு நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு குழுவுக்கு லாட்டனோப்ரோஸ்ட், மறு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. இரண்டே ஆண்டுகளில் வெறும் சொட்டுப் போட்டவர்களில் 25.6 சதவீதத்தினருக்குப் பார்வைப் பரப்பு மேலும் சுருங்கியது. மருந்து போட்டவர்களில் அது 15.2 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே படியுங்கள். மருந்து போட்டவர்களிலும் சிலருக்கு நோய் முன்னேறியிருக்கிறது. மருந்து ஒரு தடுப்புச்சுவர் என்று யாராவது உறுதி கொடுத்தால் அது உண்மை இல்லை. ஆனால் அறுபது வயதில் நோய் தெரிந்தவருக்கு, எண்பது வயதில் தானே தெருவில் நடந்துபோய் பால் வாங்கும் அளவு பார்வை மிஞ்சுமா இல்லையா என்பது இந்த வேகக் குறைப்பில்தான் இருக்கிறது.

உங்கள் எண் எது

அழுத்தம் 21க்குக் கீழே வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு எண் என்று ஒன்று கிடையாது. நரம்பு எவ்வளவு சேதமாகியிருக்கிறது, வயது என்ன, சிகிச்சைக்கு முன் அழுத்தம் எவ்வளவு இருந்தது, கார்னியா எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் பார்த்து ஆளுக்கொரு இலக்கை மருத்துவர் மனத்தில் வைத்திருப்பார். ஆரம்ப நிலையில் 18 போதுமானதாக இருக்கலாம். முற்றிய நிலையில் 12 தேவைப்படலாம். சிலருக்கு அழுத்தம் ஒருநாளும் 21ஐத் தாண்டாமலே நரம்பு தேய்கிறது. அவர்களுக்கும் சிகிச்சை அதே அழுத்தக் குறைப்புதான்.

அடுத்த செக்கப்பில் மூன்று விஷயம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: சிகிச்சைக்கு முன் இரு கண்ணிலும் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, எனக்கு எவ்வளவுக்குள் வைக்கப் பார்க்கிறீர்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். இலக்கு தெரிந்த நோயாளி மருந்தைத் தவறவிடுவது குறைவு என்பது என் அனுபவம்.

பாட்டிலில் இருப்பது என்ன

கடைகளில் எத்தனையோ பெயர்களில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் மருந்துகள் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். பிராண்டுப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். கடைக்காரர் மாற்றுப் பிராண்டு தரும்போது உள்ளே அதே மருந்துதானா என்று பார்க்க அதுதான் ஒரே வழி.

இன்று பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது லாட்டனோப்ரோஸ்ட், ட்ராவோப்ரோஸ்ட், பைமாட்டோப்ரோஸ்ட் வகை. நீர் வெளியேறும் மாற்றுப் பாதையைத் திறந்துவிட்டு அழுத்தத்தை 25 முதல் 33 சதவீதம் வரை இறக்குகிறது. தினம் ஒரே ஒரு முறை, வழக்கமாக இரவில். உடம்பின் மற்ற உறுப்புகளைத் தொந்தரவு செய்வது அரிது. கண்ணில் சிவப்பு வரலாம். முதல் சில வாரங்களில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். இமைமுடி நீண்டு அடர்த்தியாகும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும், நாள்பட்டால் இமைக்கு மேல் சற்றுக் குழி விழலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணாடியில் தெரியும். தோல் கறுப்பதும் இமைமுடி நீள்வதும் மருந்தை நிறுத்தினால் மெல்ல மறையக்கூடியவை. வழிந்த சொட்டை உடனே சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் தோல் கறுப்பது குறையும். முகம் மாறுகிறதே என்ற கவலையில் இளம்பெண்கள் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவது உண்டு. சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

டிமோலால் 1978 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. விலை குறைவு, நன்றாகவும் வேலை செய்யும். நீர் சுரப்பைக் குறைக்கிறது. இதைப்பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கோரத்தில் உள்ள சின்னத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. ஈரலைத் தாண்டாமல் போவதால் மாத்திரையைவிட முழு வீரியத்தோடு போகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு டிமோலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களுக்கும் சிலவகை இதயநோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். "கண்ணுக்குத்தானே" என்று நினைத்து, இன்ஹேலர் இழுப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. இந்த மருந்து தொடங்கிய பிறகு மாடியேறினால் இரைப்பு, இரவில் இருமல், தலைச்சுற்றல், காரணமில்லாத சோர்வு வந்தால் சொட்டைச் சந்தேகியுங்கள். பொது மருத்துவரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது கண் சொட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை மட்டுமே மருந்து என்று எண்ணி இதை விட்டுவிடுவோர் ஏராளம்.

ப்ரிமோனிடின் சிலருக்குத் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். மாதக்கணக்கில் போட்டபின் திடீரென்று கண் சிவந்து அரிக்கும் ஒவ்வாமை வரலாம். சின்னக் குழந்தைகளுக்கு இது மிக ஆபத்தானது, மயக்கத்தில் கொண்டுபோய்விடும். பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரிதான் இதற்கு இடம். டார்சோலமைட், பிரின்சோலமைட் வகை எரிச்சலையும் வாயில் கசப்பையும் தருவது சகஜம். அதே குடும்பத்து அசிட்டசோலமைட் மாத்திரை அழுத்தத்தை வேகமாக இறக்க வேண்டியபோது கொடுக்கப்படும். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் இயல்பு. சிறுநீரகக் கல், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பைலோகார்பின் மிகப் பழைய மருந்து, இப்போது சில நிலைகளுக்கு மட்டும். நெட்டார்சுடில், ரிப்பாசுடில் புதியவை. கண் சிவப்பது அதிகம்.

இரண்டு மருந்தை ஒரே பாட்டிலில் கலந்து தருவதும் உண்டு. எண்ணிக்கை குறைவதால் மறதியும் குறையும், வாங்கும் செலவும் சில சமயம் குறையும். ஆனால் கலவையில் ஒன்று பெரும்பாலும் டிமோலாலாக இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் பொடி எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கண்ணுக்குள் விழ வேண்டும்

கண் மருத்துவமனையில் ஆலோசகர் ஒருவர் பெரியவரிடம் சொன்னார்: "ஐயா, வீட்ல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க." பெரியவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார், பாட்டிலை ஒரு முழ உயரத்தில் பிடித்தார், அழுத்தினார். முதல் சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. அடுத்தது, கண் தானாக மூடிக்கொண்டதால், இமைமுடியில் தொங்கியது. மூன்றாவதற்குப் பாட்டிலின் நுனியை இமைமுடி மீதே வைத்துவிட்டார். "விழுந்துடுச்சு," என்றார். மூன்று சொட்டில் கண்ணுக்குள் போனது ஏறக்குறைய ஒன்றுமில்லை, பாட்டிலின் நுனியும் அழுக்காகிவிட்டது. ஆண்டுக்கணக்காக அவர் அப்படித்தான் போட்டிருக்கிறார். சீட்டில் எழுதிய மருந்து சரி, கண்ணுக்குள் போய்ச் சேர்ந்ததுதான் குறைவு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாற்காலியில் சாய்ந்து முகத்தைக் கூரைக்கு நேராக வையுங்கள். கை நடுங்குபவர்களுக்குப் படுப்பதே நல்லது. ஒரு விரலால் கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் அங்கே ஒரு சிறு பை உருவாகும். பாட்டில் பிடித்த கையின் விரல்முட்டியை நெற்றியிலோ மற்றக் கையின் மீதோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். பார்வை மேலே, பாட்டில் நுனி கண்ணுக்குச் சற்று மேலே, எதையும் தொடக்கூடாது. ஒரே ஒரு சொட்டு அந்தப் பைக்குள். கண்ணால் அதற்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது சொட்டு முதல் சொட்டைத் தள்ளிக்கொண்டு வழிந்துபோகும்.

அடுத்த இரண்டு மூன்று நிமிடம்தான் பலரும் விட்டுவிடுவது. கண்ணை மென்மையாக மூடுங்கள். இறுக்கிச் சிமிட்டினால் மருந்து பிதுங்கி வெளியேறும். ஆள்காட்டி விரலால் கண்ணின் உள்முனையில், மூக்கை ஒட்டிய இடத்தில், லேசாக அழுத்திப் பிடியுங்கள். மூக்குக்குள் இறங்கும் துளை அடைபட்டு, மருந்து கண்ணில் தங்கும்; உடம்புக்குள் போவது குறையும். தொண்டையில் கசப்பு வருகிறவர்களுக்கு அதுவும் நிற்கும். டிமோலால் போடுபவர்கள் இதை ஒருநாளும் தவிர்க்கக்கூடாது.

சொட்டு உள்ளே விழுந்ததா என்று தெரியாதவர்கள் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த சொட்டு விழும் இடம் தெளிவாக உணரப்படும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும், இல்லையென்றால் பிந்தியது முந்தியதைக் கழுவிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து போட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

தானே போட முடியாதவர்கள் வீட்டில் ஒருவரைப் பழக்குங்கள். மருமகள், பேரன், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் அவரையும் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஆலோசகர் முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மருமகள் "அத்தை, மேலே பாருங்க" என்று சொல்லிப் போடுகிற வீட்டில் மருந்து தவறுவது குறைவு. ஆனால் அவர் ஊருக்குப் போகும் வாரத்துக்கு மாற்று ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும்.

மறதி, ஃப்ரிட்ஜ், பணம்

மருந்தை இலவசமாகக் கொடுத்து, பாட்டிலைப் பிடித்திருக்கும் கருவி எண்ணுகிறது என்று முன்கூட்டியே சொல்லியும், அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கில் மூன்று பங்குக்கும் குறைவாகவே மருந்து போட்டார்கள். சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வலியும் இல்லை, போட்டால் பலனும் தெரியாது, விட்டால் கெடுதலும் அன்றைக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வேலையை மனிதர் மறப்பது இயல்பு. ஆகவே நினைவாற்றலை நம்பாதீர்கள். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு சொட்டைக் கட்டிப்போடுங்கள்: இரவு பல் துலக்குவது, கதவைத் தாழிடுவது, தொடர் முடிந்து டிவியை அணைப்பது. செல்போனில் அலாரம் வையுங்கள். காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள்; போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாம் முறை போடுவதும் நிற்கும்.

ஒருவேளை தவறினால் அடுத்த முறை வழக்கம்போல ஒரு சொட்டு போதும். ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக்கூடாது. லாட்டனோப்ரோஸ்டை ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போட்டால் பலன் கூடாது, குறையவே கூடும்.

திறக்காத லாட்டனோப்ரோஸ்ட் பாட்டில் பல பிராண்டுகளில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரி வரை வெளியில் வைக்கலாம் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் நம் வீடுகளில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? ஃப்ரிட்ஜ் கதவின் அடுக்கில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், வெளியிலேயே வைக்கக்கூடிய வகையை எழுதித் தரச் சொல்லுங்கள், கிடைக்கிறது. பஸ் பயணத்தில் சன்னலோர வெயில் படும் பையில் போடாதீர்கள். பாட்டிலைத் திறந்த நாளில் அதன்மேல் தேதி எழுதுங்கள். பெரும்பாலான சொட்டுகளைத் திறந்து நான்கு வாரம் கழித்து எறிய வேண்டும், அட்டையில் வேறு சொல்லியிருந்தால் அதன்படி. மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை வைத்து மருந்தை அடையாளம் காணாதீர்கள். காலை மருந்துக்கு ரப்பர் பேண்ட் ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு என்று சுற்றிவிட்டால் எழுத்துத் தெரியாத இருட்டிலும் தடவிப்பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டரை மி.லி. லாட்டனோப்ரோஸ்ட் பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் போட்டால் மாதத்துக்கு 60. தவறி விழுவதற்கு மிச்சம் இருபதுதான். மாதக் கடைசியில் மருந்து தீர்ந்து மூன்று நான்கு நாள் காலியாகக் கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. சம்பளத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு பாட்டில் முன்னதாக வைத்திருங்கள். விலை தாங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். டிமோலாலும் லாட்டனோப்ரோஸ்டும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருப்பவை. அரசு மருத்துவமனைகளிலும் மக்கள் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். விலை உயர்ந்த மருந்தை மாதம் பாதி நாள் போடுவதைவிட மலிவான மருந்தைத் தினமும் போடுவது கண்ணுக்கு நல்லது.

அழுத்தத்தை ஏற்றுபவை

கண் சிவந்தாலோ அரித்தாலோ மருந்துக்கடையில் "ஒரு சொட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அப்படிக் கிடைப்பதில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டே நாளில் சிவப்பு மறைந்துவிடும். அதனால்தான் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் 30, 40 என்று ஏறும். அரிப்புக் கண்ணோடு ஒவ்வொரு கோடையும் தவிக்கும் பள்ளிப் பிள்ளைகள் இப்படிப் பார்வை இழந்திருக்கிறார்கள். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்ற பெயர்கள் இருந்தால் கண் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். தோலுக்குப் பூசும் ஸ்டீராய்டு க்ரீமைக் கண்ணருகே நாள்பட பூசுவதும் அழுத்தத்தை ஏற்றக்கூடும்.

சிரசாசனம் செய்பவர்கள் நிறுத்திவிடுங்கள். சென்னையில் யோகப் பயிற்சியாளர்களை வைத்து அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியது தெரிந்தது. மற்ற ஆசனங்களில் தலை இதயத்துக்குக் கீழே வெகுநேரம் தொங்குவதைத் தவிர்த்தால் போதும். நடைப்பயிற்சி நல்லது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் சிறிது நேரம் அழுத்தத்தை ஏற்றும். அதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காபியை விட வேண்டியதில்லை.

நந்தியாவட்டைப் பூ, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று பாட்டி வைத்தியம் பல சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான். இவை எதுவும் கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை. கிருமி நீக்காத எதையும் கண்ணுக்குள் விடக்கூடாது.

இன்னொன்று: நீர் வடியும் கோணமே குறுகலாக இருக்கும் வகை க்ளாக்கோமா நம் நாட்டில் கணிசம். அதில் திடீரென்று கோணம் முழுதும் மூடிக்கொள்ளலாம். தாங்க முடியாத கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், பார்வை மங்கல் வந்தால் பித்தம் என்று காத்திருக்காமல் அந்த மணியிலேயே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "எனக்குக் கோணம் திறந்திருக்கிறதா, குறுகலா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். குறுகல் என்றால் சில சளி மாத்திரைகளும் ஆபத்து.

செக்கப்பில்

அன்று காலை மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வழக்கம்போலப் போட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். அதேபோல, மூன்று மாதம் விட்டுவிட்டுக் கடைசி ஒரு வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவதும் கெடுதல். அன்றைய அழுத்தம் நன்றாக இருக்கும், நரம்பு மட்டும் மோசமாகியிருக்கும். மருந்து போதவில்லை என்று மருத்துவர் முடிவுகட்டி இன்னொரு பாட்டிலைச் சேர்ப்பார், அல்லது ஆபரேஷன் சொல்வார். "வாரத்துல ரெண்டு நாள் விட்டுப்போகுது டாக்டர்" என்று உண்மையைச் சொல்வது உங்களை ஒரு தேவையற்ற ஆபரேஷனிலிருந்து காப்பாற்றலாம்.

ஃபீல்டு டெஸ்ட் எல்லோருக்கும் சலிப்பு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியைப் பார்த்தபடி, ஓரத்தில் மினுக்கும் மங்கல் ஒளியைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும். பாதி ஒளிகள் கண்ணுக்குத் தெரியாதபடிதான் இயந்திரம் கொடுக்கிறது; தெரியவில்லையே என்று பதற வேண்டாம், ஊகித்து அழுத்தவும் வேண்டாம். முதல் இரண்டு முறை பழகத்தான் சரியாக இருக்கும். மருந்து பலிக்கிறதா என்பதற்கு உங்களிடம் உள்ள மிக நேரடியான சாட்சி இந்த டெஸ்டின் முடிவுத் தாள்தான். ஒவ்வொரு தாளையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். ஊர் மாறினாலோ மருத்துவர் மாறினாலோ, ஐந்து ஆண்டுத் தாள்களை வரிசையாகப் பார்க்கும் புது மருத்துவருக்கு உங்கள் நோயின் வேகம் ஒரு நிமிடத்தில் விளங்கும். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை முழுக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இந்த நோய் குடும்பத்தில் ஓடும்.

சொட்டு போதாதபோது

எஸ்.எல்.டி. என்ற லேசர் வடிகால் சல்லடையைத் தூண்டிவிடுகிறது. பிரிட்டனில் 2019இல் வெளியான ஆய்வில் கோணம் திறந்த வகையினருக்கு முதலிலேயே இந்த லேசரைச் செய்தபோது, மூன்று ஆண்டு கழித்தும் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குச் சொட்டு தேவைப்படவில்லை. தினமும் போட ஆளில்லாதவர்கள், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப்பற்றித் தயங்காமல் கேட்கலாம். சில ஆண்டுகளில் பலன் குறையலாம், திரும்பச் செய்ய முடியும்.

இலக்குக்கு அழுத்தம் இறங்காமலும் நரம்பு தொடர்ந்து தேய்ந்துகொண்டும் இருந்தால் ட்ராபெக்குலெக்டமி என்ற ஆபரேஷனில் நீருக்குப் புது வடிகால் அமைக்கிறார்கள். அதற்கும் நோக்கம் அழுத்தக் குறைப்புதான், பார்வை கூட்டுவது இல்லை. ஆபரேஷனுக்குப்பின் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு எழுதுவார்கள். மேலே எச்சரித்த அதே வகைதான். புது வடிகால் தழும்பேறி அடைபடாமல் இருக்க அது அவசியம், சொன்ன நாள் கணக்குப்படி போடுங்கள். இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம் நடக்கிறது: ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய சொட்டையும் சேர்த்துப் போடுகிறார்கள், அல்லது மற்றக் கண்ணுக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வலது கண்ணுக்கு எது, இடது கண்ணுக்கு எது, எத்தனை முறை, எந்தத் தேதிவரை என்று கண்வாரியாகத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்ன பாட்டில்களை வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து எடுத்து எறிந்துவிடுங்கள்.